சித்தப்பாவுக்கு வந்த காய்ச்சல்

முனிகியோன் மாதம், வளர்பிறை 9

கம்பளி சிக்கெடுத்தோம். அடிமைப்பெண் த்ராட்டாவும் நானும் காலையிலிருந்து முற்றத்தில் உட்கார்ந்தும் பாதி மூட்டைகூட முடியவில்லை. வெயில் ஏறியபோது அப்பா வீட்டிலிருந்து ஆள் வந்தான். அப்பா மறுபடி விழுந்துவிட்டாராம், இந்த முறை கிணற்றடியில்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறுகிறது. என்னை அடையாளம் தெரிந்தது, வாயின் ஒரு பக்கத்தால் "லிசில்லா" என்றார்.

சித்தப்பா மிக்கியோன் எனக்கு முன்பே வந்திருந்தார். கட்டிலருகே சற்று நேரம் நின்றார், பிறகு ஒலிவ மரங்களைச் சுற்றிப் பார்க்கப் போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். மரங்களைப் பார்த்த அதே கண்ணால்தான் பார்த்தார்.

வளர்பிறை 10

எழுதினால் பயம் குறையும் என்று அண்ணன் சொல்வான். எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவன் அவன்தான், இந்தச் சுருளும் அவன் விட்டுப்போனதுதான். போன இலையுதிர் காலத்தில் கப்பலோடு மூழ்கினான். அவன் இருந்தவரை நான் வெறும் மகள். இப்போது அப்பாவுக்கு ஆண்வாரிசு இல்லை, ஆகவே நான் நிலத்தோடு சேர்ந்துபோகிற ஒருத்தி.

அப்பா கண்ணை மூடிவிட்டால் மிக நெருங்கிய பங்காளி என்னைத் தனக்கு மனைவியாகக் கேட்கலாம். நான் கல்யாணமானவள் என்பது ஏதென்ஸின் சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஒரு பையன் இருந்தால் கேட்க முடியாது. மூன்று வருடமாகிறது, பிறக்கவில்லை.

நெருங்கிய பங்காளி சித்தப்பாதான். சின்ன வயதில் கூட்டத்தில் ஊர்வலம் தெரியவில்லை என்று நான் அழுதபோது தோளில் தூக்கி வைத்துக்கொண்ட மனிதர். அவரோடு எப்படி ஒரே கட்டிலில்? எழுதவே கை கூசுகிறது.

வளர்பிறை 13

இந்த மாதமும் இல்லை. துணியை அலசிக் காயப்போட்டேன்.

தேய்பிறை 2

கணவர் கைரிப்போஸ் நேற்று ஒரு விருந்துக்குப் போயிருந்தார். காலையில் அத்திப்பழம் தின்றுகொண்டே அங்கே நடந்ததைச் சொன்னார். காதல் என்றால் என்ன என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டுமாம்.

"ஒருத்தன் அது காய்ச்சல்னான், குளிச்சா போயிடுமாம். இன்னொருத்தன் கண்ணு வழியா உள்ள வர்ற தெய்வம்னான். ஒரு பெரியவர்தான் சொன்னார், காதலிக்கிறது நண்பனை, வச்சுக்கிறது பரத்தையை, பொண்டாட்டி வீட்டுச் சாவிக்குன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் முறை வர்றதுக்குள்ள பக்கத்துல இருந்தவன் வாந்தி எடுத்துட்டான்."

நானும் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய்த் தறியின் முன் உட்கார்ந்து அழுதேன். முறை வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? மனைவி சாவிக்கு என்றால் ஒரு சாவிக்காரி போனால் இன்னொருத்தி வருவாள். நான் இவர்மேல் வைத்திருப்பதற்கு அந்தப் படித்தவர்கள் என்ன பெயர் வைப்பார்கள்? கதவு திறக்கும் சத்தத்திலேயே அவரென்று தெரிகிறது எனக்கு. அதற்கு ஒரு பெயர் இருக்கத்தானே வேண்டும்.

தேய்பிறை 4

அப்பாவே வழி சொல்லிவிட்டார். இவரைக் கூப்பிட்டனுப்பி, குழறிக் குழறி, தனக்கு மகனாக வரச் சொல்லியிருக்கிறார். தத்து. அடுத்த மாதம் தார்கேலியா விழாவில் குலத்தார் முன்னால் ஆடு பலியிட்டுச் சேர்த்துவிட்டால் அப்பாவுக்கு ஆண்வாரிசு வந்துவிடும். பிறகு என்னை யாரும் கேட்க முடியாது.

ஆனால் தத்துப் போனவன் பெற்ற அப்பாவுக்கு மகனில்லை. அந்த வீட்டுத் திராட்சைத் தோட்டத்தில் பங்கு இல்லை, அந்தக் குடும்பத்துப் பெயர் இல்லை. மாமனார் செத்தால் இவர் ஈமச்சடங்கு எதிலும் முன்னால் நிற்க முடியாது, தம்பிதான் நிற்பான். இதையெல்லாம் எனக்காக இவர் விடுவாரா?

கேட்டேன், "அப்பா கூப்பிட்டாரே, என்ன விஷயம்?" என்று, தெரியாதவள்போல.

"யோசிக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

தேய்பிறை 5

மாமனார் தேமோன் வந்தார். நான் மாடியில். ஆனால் அவர் குரல் தெருவுக்கே கேட்கும்.

"டேய், பொண்டாட்டி போனா வேற பொண்டாட்டி. அப்பன் போனா? யார்டா உனக்கு வேற அப்பன்? வாய் கோணிப்போன அந்தக் கெழவனா?"

இவர் பதில் சொன்னது கேட்கவில்லை. சொன்னாரா என்றே தெரியவில்லை.

கீழே இறங்கிப் போய்க் காலில் விழலாம் என்று தோன்றியது. விழக்கூடாது. நோயாளி ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டுத் தத்து எடுத்தான் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், சித்தப்பா எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிடுவார். அதனால் அப்பாவிடமும் பேசவில்லை, இவரிடமும் பேசவில்லை. சரி, உண்மையைச் சொல்கிறேன். சட்டத்துக்குப் பயந்து மட்டுமில்லை. கேட்டு இல்லை என்றுவிட்டால்? அதற்குத்தான் அதிகப் பயம்.

தேய்பிறை 7

த்ராட்டாவை அனுப்பி மருந்து வாங்கிவிட்டேன். நகரவாசல் பக்கம் ஒருத்தி கொடுக்கிறாளாம். கொடுத்தால் ஆண் மனசு நம்மைவிட்டு நகராதாம். பழுப்புப் பொடி, துணியில் முடிச்சுப் போட்டது. "ஒரு சிட்டிகைதாம்மா, கூடப் போட்டுடாதீங்க" என்றாள் த்ராட்டா.

முடிச்சு இடுப்புத் துணியில் இருக்கிறது. குனியும்போதெல்லாம் குத்துகிறது. மருந்து சாப்பிட்டுவிட்டு இவர் சரி என்று சொன்னால், அந்தச் சரியைச் சொன்னது இவரா, பொடியா? அப்புறம் வாழ்நாள் முழுக்க இவர் முகத்தைப் பார்த்து இதையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்தால் போதும் என்றும் தோன்றுகிறது. நாளை போட்டுவிடுவேன்.

தேய்பிறை 8

முற்றத்தில் ஆடு.

கறுப்பு வெள்ளைக் கிடா, ஒரு வயது இருக்கும். இவர் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். நான் படியில் நின்றேன்.

"விழா கிட்ட வந்தா நல்ல ஆடு கெடைக்காது" என்றார். "தண்ணி வை."

வைத்தேன். பாதி கீழே சிந்தியது. அவர் என்னைப் பார்க்காமல் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு, "அப்பா ரொம்பத் திட்டினார், கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். "தம்பி இருக்கான், பாத்துப்பான்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மருந்து போடவில்லை. ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. இது இவர் சொன்ன சரி.

தேய்பிறை 10

சித்தி நிகரெத்தே வந்தாள். சித்தப்பாவின் மனைவி. அவளுக்கும் பிள்ளையில்லை. முக்காட்டை எடுத்ததும் அழ ஆரம்பித்தாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டா என்னைத் தள்ளி வச்சுடுவாருடி. எங்க அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பியாச்சு. பதினாலு வருஷம்டி, அவர் கால்ல முள்ளு குத்தினாக்கூட நான்தான் எடுப்பேன்."

தத்து எடுக்கப்போகிறார்களே சித்தி, இனிப் பயமில்லையே என்றேன்.

"நீ நினைச்சுக்கோ. பலி நேரத்துல ஆட்டைப் பீடத்துலேர்ந்து இழுத்துட்டுப் போயிடுவேன்னு சொல்லிட்டிருக்காரு. உங்கப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, சத்தியம் செல்லாதுன்னு சொல்லப்போறாரு."

யாரேனும் ஆட்டைப் பீடத்திலிருந்து அகற்றினால் சேர்க்கை நின்றுபோகும். அப்பா வழக்கு முடியும்வரை உயிரோடிருப்பாரா?

அப்போதுதான் இடுப்பு முடிச்சு ஞாபகம் வந்தது. சித்தப்பாவின் மனசு சித்தியிடமே நின்றுவிட்டால் என்னை ஏன் கேட்கப்போகிறார்? அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். எடுத்துக் கொடுத்தேன். ஒரு சிட்டிகை என்று இரண்டு தரம் சொன்னேன். கூடையில் கம்பளிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். த்ராட்டா துணைக்குப் போனாள்.

தார்கேலியோன் மாதம், வளர்பிறை 5

சித்தப்பாவுக்கு வயிற்றுப்போக்காம். வெயிலாக இருக்கும்.

வளர்பிறை 7

முடிந்தது. அப்பாவைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். இடது கையைப் பலியின்மேல் வைத்துச் சத்தியம் செய்தாராம். குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்ததாம். யாரும் ஆட்டைத் தொடவில்லை. சித்தப்பா வரவேயில்லை, எழுந்திருக்க முடியவில்லையாம். குலத்தார் எல்லாரும் சம்மதம் என்று வாக்குக் கல் போட்டார்கள்.

கைரிப்போஸ் இப்போது என் அப்பா தைசியாஸின் மகன். "சட்டப்படி நான் உனக்கு அண்ணனா தம்பியா?" என்று கேலி பண்ணினார். தலையில் மாலை கோணலாக இருந்தது. மாமனார் வரவில்லை. அதை இருவரும் பேசவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். இந்த வரியை எழுதி வைக்கிறேன்.

வளர்பிறை 9

சித்தப்பா செத்துப்போனார்.

வளர்பிறை 10

சவத்தைக் குளிப்பாட்டப் போனேன். உதடெல்லாம் நீலம். பெண்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி என் கையைப் பிடித்துக் காதருகே சொன்னாள். "நாள் இல்லையேடி. விழா வருதேன்னு முழுசும் போட்டுட்டேன். என்கிட்ட அன்பா இருக்கட்டும்னுதானே போட்டேன்."



வளர்பிறை 11

எனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

கொலை என்றால் செத்தவனின் நெருங்கிய ரத்தம்தான் கல்லறைக்கு ஈட்டியோடு போய், கொன்றவர் பெயரை உரக்கச் சொல்லி வழக்குத் தொடுக்க வேண்டும். சித்தப்பாவுக்குப் பிள்ளையில்லை. அண்ணனாகிய அப்பா படுக்கையில். அப்பாவின் மகன்?

இவர்தான். நான்கு நாளாக இவர்தான்.

இது இயற்கையான சாவு இல்லை, வழக்கு இவர் பொறுப்பு என்று குலத்தார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஈட்டி சுவரில் சாய்ந்திருக்கிறது.

வளர்பிறை 12

சித்தி இப்போது அவள் அண்ணன் வீட்டில். இவர் போய்க் கேட்டிருக்கிறார். "போட்டதை ஒத்துக்கிட்டா. யார் குடுத்தாங்கன்னு மூணு தரம் கேட்டேன், வாயே திறக்கல" என்றார். பிறகு, "அன்னைக்கு நம்ம த்ராட்டாதானே துணைக்குப் போனா? அவளைக் கேட்டா தெரியும்."

அடிமையிடம் கேட்பது என்றால் அடித்துக் கேட்பது. அடிக்காமல் சொன்னால் நீதிமன்றம் ஏற்காது. த்ராட்டா கீழே பார்லி அரைத்துக்கொண்டிருந்தாள். கல் சுற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. அவள் கேட்டுவிட்டாள்.

வளர்பிறை 13

சொல்லிவிட்டேன். விடிந்ததும் அவர் செருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"உன் கையாலயா குடுத்த?"

"என் கையால."

"சித்திக்குன்னு வாங்கினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரே வார்த்தை. அவர் அப்பாவை விட்டுவிட்டு வந்த மனிதர், எப்படிப் பொய் சொல்வேன்?

"உங்களுக்காக வாங்கினது. ஆட்டைக் கட்டினீங்களே, அதுக்கு முந்தின நாள்."

ஒரு செருப்புதான் கட்டியிருந்தார். இன்னொன்று கையிலேயே இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வளர்பிறை 15

ஈட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார். யார் பெயரைச் சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. த்ராட்டாவும் நானும் வாசற்கதவுக்கு உட்பக்கம் நின்றோம். அவள் என் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எஜமானி என்பதெல்லாம் மறந்து.

மத்தியானம் திரும்பினார். கை கால் கழுவினார்.

"காய்ச்சல்ல செத்தாருன்னு சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும். தெய்வத்து மேல ஆணையா."

பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை ஏழு தலைமுறைக்கும் வரும் என்பார்கள். எங்களுக்கு முதல் தலைமுறையே இன்னும் பிறக்கவில்லை.

தேய்பிறை 6

அப்பா கஞ்சி குடித்தார். இவரைப் "பையா" என்று கூப்பிடப் பழகிவிட்டார். சித்தி அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள், யாரும் தொடவில்லை. த்ராட்டா மறுபடி பாட ஆரம்பித்திருக்கிறாள். இவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நேற்று சந்தையிலிருந்து எனக்குப் பிடித்த விலாங்கு மீன் வாங்கி வந்தார்.

சாப்பாட்டின்போது மதுவில் தண்ணீர் கலக்க ஜாடியை எடுத்தேன்.

"வை, நானே கலந்துக்கறேன்" என்றார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். நேற்றும் அப்படித்தான் சொன்னார், முந்தாநாளும்.

கலந்தபின் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.