உமித்தணல் பேண்டும் ஸ்டீபன் தொண்டையும்

ஜூன் 9, செவ்வாய்

திண்டிவனம். காலையிலேயே அனல். கரண்ட் இல்லை, நான் வேலை பார்க்கும் கடையில் ஜெராக்ஸ் ஓடவில்லை. எங்கள் பேண்டை வாசிக்கக் கூப்பிட்டிருக்கும் சென்னை நிகழ்ச்சிக்காரர் மறுபடி மெசேஜ்: பேண்டின் வரலாறு ஒரு பக்கம், வெள்ளிக்குள் வேண்டுமாம். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எழுதியது:

- உமித்தணல். ஹெவி மெட்டல். எட்டு வருடம்.
- நான் பேஸ் கிட்டார், பாபு டிரம்ஸ், ஸ்டீபன் குரல்.
- பயிற்சி, கண்டமங்கலத்தில் பாபுவோட மாமா நடத்தும் ரைஸ் மில். மில் ஓடும்போது மட்டும். இல்லையென்றால் ஊர் திட்டும்.

பாடுகிறவனுக்கு மைக் கிடையாது என்பதை எழுதவில்லை. "மில்லு சத்தத்தத் தாண்டிக் கேக்கணும்டா, அதான் தொண்டை" என்று ஞாயிறு தவறாமல் ஸ்டீபனை ஏற்றிவிட்டவன் நான். அவன் ரத்தம் துப்பிய அன்று கைதட்டினோம். என்ன ஜென்மமோ.

ஜூன் 10, புதன்

விழுப்புரம் போனேன். ஸ்டீபனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள். ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. சாத்துக்குடி ஒரு கிலோ. அவன் தூக்கம். அவன் மனைவி ரோஸ்லின் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எதனாலண்ணா இப்படி ஆச்சு? அவரு சொல்றத நான் நம்பல. நீங்க சொல்லுங்க."

"பஸ்ல நாள் பூரா கத்திக்கினே இருக்கான்லமா. அதான்."

ஸ்டீபன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

தூறல். மதியம் பாபு போன்.

"டேய், ரோஸ்லின் பஸ் ஓனரப் பாத்து, இவரு இனிமே வேலைக்கு வர மாட்டாருன்னு சொல்லிட்டாங்களாம். வேற ஆள ஏத்திட்டாங்க. பாட்டுதான் கூடாது, மாசம் முடிஞ்சா வேலைக்குப் போலாம்னு டாக்டரே சொன்னாரு. இவங்களுக்கு எவன்டா சொன்னது?"

தெரியாது என்றேன். இரண்டாவது பொய்.

ஜூன் 12, வெள்ளி

லீவு. நிகழ்ச்சிக்காரருக்கு, நாங்கள் வரவில்லை என்று மட்டும் மெசேஜ். விழுப்புரம் போய் இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மில், மைக், நான் ஏற்றிவிட்டது. ரோஸ்லின் எழுந்து உள்ளே போனாள். ஸ்டீபன் போனில் டைப் பண்ணிக் காட்டினான்:

"ரோஸ்லின் கேட்டப்ப நானும் பஸ்ஸுன்னுதான் சொன்னேன். மில்லுன்னு தெரிஞ்சா உங்கள வீட்டுலயே சேக்க மாட்டா."

அவன் மகள் வந்து நின்றது. மூன்று வயது. என் பையைக் காட்டி, தன் வாயைக் காட்டியது.

"பிஸ்கட் வேணுமா பாப்பா?"

தலையாட்டல்.

"வாயத் தொறந்து கேளு, தர்றேன்."

அப்பா முகத்தைப் பார்த்தது. விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டது.

உள்ளேயிருந்து ரோஸ்லின் குரல்: "குடுத்துடுங்கண்ணா. ஒரு வாரமா அதுவும் பேசறதில்ல."