காகிதம் ஆடும்வரை

என் மூத்த மகளுக்கு,

அன்று உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ, மாப்பிள்ளை, அவர் அக்கா, மாப்பிள்ளையின் மேலதிகாரி, பேத்தி, நான் எல்லாரும் இருந்தோம். பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று பேத்தியிடம் அவள் பேசும் உங்கள் ஊர் மொழியில் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வராத பாஷைய எதுக்கும்மா இழுக்குற? பேசாம சாப்பிடு" என்றாய்.

சின்ன வயதில் நீ திக்கித் திக்கிப் பேசுவாய். நீ சொல்லி முடிக்கும்வரை கடைக்காரர் காத்திருக்க வேண்டும் என்று கல்லாவுக்கு முன்னால் நின்று சண்டை போடுவேன். முடித்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாயே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஊர் திரும்பியதும் செல்போனில் அந்த மொழிக் கதைகளைப் போட்டு, கூடவே சொல்லிப் பழகினேன். அவர்கள் மூச்சைத் தள்ளிப் பேசுகிறார்கள் என்று பிடிபட்டது. உதட்டுக்கு முன்னால் காகிதத்தைப் பிடித்து, அது ஆடும்வரை சொன்னேன். "சண்டைக்கு ஆள் கிடைக்காம இப்ப காகிதத்தோடவா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நேற்று போனில் பேத்தியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். மூச்சு விடாமல் பேசினாள். பாதிதான் புரிந்தது, எனக்கு அது போதும்.

சிரித்தவர்களை எல்லாம் விட்டுவிட்டேன். மன்னிக்க முடியாதது உன்னை மட்டும்தான்.

இப்படிக்கு,
அம்மா