இருபத்தெட்டு லிட்டர் பை

ஜூன் 4, வியாழன்

முதுகுப்பை வாங்கப் போனோம். அடுத்த மாதம் பனிமுகடு ஏறுகிறோம், இவரும் நானும் ஒரே கயிற்றில். கடைக்காரப் பெண் கெட்டிக்காரி. ஹெல்மெட் மாட்டி, கயிறு மாட்டும் இடுப்பு வாரும் கட்டவைத்து, அதற்குமேல் பையைப் போட்டு, "இப்ப அண்ணாந்து பாருங்க" என்றாள். பெரிய பையின் மூடி ஹெல்மெட்டில் இடித்தது. இருபத்தெட்டு லிட்டர் பையில் தலை தாராளமாக நிமிர்ந்தது.

"எனக்கு இதுதான்" என்றேன்.

இவர் அவளிடம் சொல்கிறார், என்னிடம் இல்லை: "சின்னது எங்கிட்ட இருக்கு. அவங்களுக்கு நாப்பத்தஞ்சு குடுங்க. பின்னாடி வர்றவங்கதானே அவங்க."

முன்னால் ஏறுபவர் இலேசாகப் போவார். அடுப்பு, கூடாரம், சாப்பாடு எல்லாம் பின்னால் வருபவர் முதுகில். மலையேறுகிறவர்கள் வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் வருவது நான்தான் என்று எப்போது முடிவாயிற்று? யார் கேட்டார்கள் என்னை?

சின்னதையே வாங்கினேன். வழி நெடுக உர்ரென்று வந்தார்.

ஜூன் 5

பேச்சில்லை. நல்லது, காதுக்கு ஓய்வு.

ஜூன் 9, செவ்வாய்

மாத்திட்டு வந்துட்டார்! நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து என் பையைக் கடையில் கொடுத்துவிட்டு, நாற்பத்தைந்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்திருக்கிறார். "இடுப்புப் பட்டை பஞ்சு மாதிரி, தொட்டுப் பாரேன்" என்று வேறு.

இத்தனை வருஷமா இவர் குதிகாலைப் பாத்துக்கிட்டே ஏறியாச்சு. ஒரு தடவையாவது அடுத்த பிடி எங்கேன்னு நானே தேட வேணாமா? கத்தினேன். "உன் நல்லதுக்குத்தான்" என்றார். நான் என்ன பொதிமாடா?

ஜூன் 10

நாத்தனாரிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அண்ணனுக்குப் பரிந்து பேசுவாள் என்றுதான் நினைத்தேன்.

"என்கிட்டயும் அப்படித்தான் பண்ணான் அண்ணி. அதான் அவன்கூட ஏறுறதையே விட்டுட்டேன். நாம ரெண்டு பேரும் போவோமா?"

ஜூன் 11

நாத்தனாரும் நானும் போகிறோம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான்?"

"வீட்டைப் பாத்துக்கோங்க."

முகத்தில் ஈயாடவில்லை. பாவமாக இருந்தது — பாவம் பார்க்கவைக்கிறாரே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஜூலை 12, மலைக்குடில்

ஏறி இறங்கிவிட்டோம். இவருடைய சின்னப் பையைக் கேட்காமலே எடுத்து வந்திருந்தேன். கீழ்ப்பாதியில் நான் முன்னால், நாற்பத்தைந்தோடு நாத்தனார் பின்னால். பனி விலகிய இடத்தில் பாறை வழவழவென்று இருந்தது. பிடி கிடைக்காமல் தடவிக்கொண்டே நின்றேன், பிறகு கிடைத்தது. பாதிவழியில் பையை மாற்றிக்கொண்டோம். நாத்தனார் முன்னால் போனாள். நாற்பத்தைந்து லிட்டர் என் தோளைக் கன்ற வைத்துவிட்டது. ஆனால் எரிச்சல் வரவில்லை.

குடிலுக்கு வந்ததும் இவருக்குப் போன் செய்தேன். பத்திரமா என்று கேட்டார். பிறகு, "பெரிய பை எப்படி?"

"அடுத்த தடவை நீங்களே தூக்கிப் பாருங்க."

"என் முதுகுக்கு அளவு சரியா வருமா?" என்றார்.

தோள்வாரை இழுத்துவிட்டால் வரும் என்றேன்.