முதல் கணவனின் சாடி

மார்ச் முதல் தேதிக்குப் பதினாறு நாள் முன்

இறந்தவர்களின் வாரம். ஹெல்பிஸ் தன் முதல் கணவன் ஹிலாரஸுக்கு மது ஊற்றப் போனாள். சுமை தூக்க இரண்டாம் கணவன் நான். அவன் புதைகுழிமேல் நட்ட அடியில்லாத சாடியின் கழுத்து மட்டும் மண்ணுக்கு வெளியே நிற்கிறது. அதன் வழியே மது மடமடவென்று இறங்கியது. ஃபலேர்னம்! பணக்காரர் குடிக்கும் உசத்தி மது. துறைமுகத்தில் சாடி இறக்கியே எழுத்துக் கற்றவன் நான். கொண்டுபோன சாடியின் தோளில் எழுதியிருந்ததைப் படித்தேன். வீட்டில் எனக்குக் காடித்தண்ணீர்.

"எனக்கு ஒரு வாய்?" என்றேன்.

"உமக்கென்னய்யா, உசுரோடதான இருக்கீரு."

செத்தால்தான் மரியாதை போலும்.

பதினைந்து நாள் முன்

காலையில் தனியே போனேன். சாடிக் கழுத்துக்குள், கண்ணில் படாத ஆழத்தில், தக்கையை அழுத்திக் கீல் பூசினேன். நாற்பது வருட அனுபவம். சொட்டு இறங்காது. குடிக்கட்டும், பார்ப்போம்.

பதினான்கு நாள் முன்

ஊற்றினாள். நிரம்பி வழிந்தது. மீதி எனக்குத்தான் என்று கிண்ணத்தோடு நின்றேன். ஹெல்பிஸ் வெளுத்துப்போனாள்.

"நான் மறுபடி கட்டிக்கிட்டது அவருக்குப் பிடிக்கல. கோவத்துல குடிக்க மாட்டேங்காரு."

"ஏழு வருசம் குடிச்சவனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் மனம் ஆறும்வரை வரமாட்டாளாம்.

பதின்மூன்று நாள் முன்

செத்தவனோடு சக்களத்திச் சண்டை போடும் முதல் ஆண் நானாகத்தான் இருப்பேன். பருப்பு கருகிவிட்டது.

பன்னிரண்டு நாள் முன்

மறுபடியும் கருகியது. தக்கையை எடுக்கப் போனேன் — பருப்புக்காக, வேறெதற்கும் இல்லை. கையை விட்டுக் குடைந்தேன். தக்கை உள்ளே விழுந்தது. கை வெளியே வரவில்லை. குப்புறக் கிடந்தேன். ஹெல்பிஸ் பூவோடு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீரு அவர இழுக்கீரா, அவரு உம்ம இழுக்காரா?"

"அடைச்சது நாந்தான். அவனுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வா."

கல்லை எடுத்தாள். எனக்குத்தான் என்று நினைத்தேன். சாடிக் கழுத்து உடைந்தது. நாற்பது வருடத்தில் என்னால் உடைந்த முதல் சாடி. அவள் படுக்கையை நான்தான் சுமந்து வந்தேன், அதே கையால்.

ஒன்பது நாள் முன்

அவனுக்குப் புதுச் சாடி நட்டேன். ஹெல்பிஸ் அவனுக்கு ஊற்றிவிட்டு, கேட்காமலே என் கிண்ணத்திலும் ஊற்றினாள். குடித்தேன்.

ஃபலேர்னம் வெளியே எழுதியிருப்பதோடு சரி. உள்ளே இருந்தது காடியைவிடக் கேவலம்.

"கடைக்காரன் ஒசத்தின்னுதான் குடுத்தான்," என்றாள். ஒருநாளும் அவள் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

ஏழு வருடமாக இதைத்தான் குடித்திருக்கிறான், பாவி.

வீட்டுக்குப் போய் எங்கள் காடித்தண்ணீரை எடுத்து வந்தேன். அவனுக்கு ஊற்றினேன். மடமடவென்று இறங்கியது.