மாதப்பன் குடித்த தண்ணீர்

நாள் 2,190. காலை 7.10
இதைக் கண்டெடுப்பவர்கள் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தோரு வயதில், சாமான் பெட்டிகளின் மேலிருந்த பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. முதலில் வந்த சொல் 'அரிசி'. எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

என் பெயர் மாதப்பன். ஊர் பென்னாகரம். செவ்வாய்க் கிரகத்தில் ஆழ்துளைக் கிணறு போட வந்தவன். இன்று கிணற்றில் 400 லிட்டர் வந்தது. கோளாறு இல்லை.

நாள் 2,193. காலை 9.00
கூட இருந்த இருவரும் பூமியிலிருந்து வந்த தொட்டித் தண்ணீரையே குடித்தார்கள். நான் போட்ட கிணற்றை நானே குடிக்காமல் இருப்பேனா? ஆறு வருடமாகக் குடிக்கிறேன். இங்கே உடம்பின் எடை மூன்றில் ஒரு பங்குதான், எலும்பு தேயும். அவர்கள் எலும்பு தேய்ந்தது, ஊர் திரும்பிவிட்டார்கள். என் எலும்பு கெட்டியானது.

பூமியிலிருந்து டாக்டர் ஃபரிதா:
"ஐயா, எக்ஸ்ரே படத்துல உங்க எலும்பு இரும்பாட்டம் இருக்கு! பொண்ணு பாக்கட்டுமா? எல்லாம் உங்க கிணத்துல இருக்கற ஃபுளோரைடு. அடுத்த கப்பல்ல அங்க வர்ற முப்பத்திரண்டு பேருக்கும் அதையே குடுக்கச் சொல்லிட்டேன்."

நாள் 2,194. காலை 6.30
எங்கள் ஊர்த் தண்ணீரிலும் அந்த ஃபுளோரைடு உண்டு. சிறு வயதில் பல்லில் பழுப்புக் கறை விழும். வயது ஏற ஏற எலும்பில் சேரும். அப்பாவைக் கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்புவார். நேற்று செய்தி மணி அடித்தபோது நானும் முழு உடம்போடு திரும்பினேன்.

பேசி அனுப்பியது:
"கெட்டியாவறது பலம் இல்லம்மா. எங்கப்பன் இப்படித்தான் மொடங்குனாரு. யாருக்கும் குடுக்காதீங்க."

நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:
"வயசாச்சுல்ல ஐயா? கழுத்து புடிக்கத்தான் செய்யும்."

இன்றுமுதல் பூமிக்கும் எனக்கும் நடுவே சூரியன். மூன்று வாரம் பேச முடியாது. கப்பலோடும் பூமி வழியாகத்தான் பேச்சு. கப்பல் 2,214இல் இறங்கும்.

நாள் 2,203. மாலை 4.00
வாளியோடு சறுக்கினேன். லேசான அடிதான். வலது முன்கை சுண்ணாம்புக் கட்டி போல முறிந்தது. படம் எடுத்தேன். வெள்ளை வெளேரென்று கெட்டி எலும்பு. இரண்டு துண்டு.

நாள் 2,207. காலை 10.20
இடது கை.
எழுத்து வருகிறது! வலதைவிடப் பெரிதாக.
கிணற்றுக் கதவில் எழுதிவிட்டேன். அரை நாள் ஆயிற்று. 'குடிக்காதீர்கள். இது எலும்பில் தங்கும். படத்தைப் பாருங்கள்.' கை முறிந்த படத்தைப் பக்கத்தில் ஒட்டினேன்.
தொட்டியில் மிச்சமிருப்பது, அவர்கள் வடிகட்டி செய்யும்வரை போதும். அதை நான் தொடவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறேன்.
மூச்சு இழுத்தால் விலா விரிவதில்லை. உட்கார்ந்தே தூக்கம்.
என் எழுத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. முப்பத்திரண்டு பேர் படிப்பார்கள்.
கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் அவர்கள் பெயரையெல்லாம் கேட்டு இதிலேயே எழு