தேத்தண்ணியோடு விழுங்கிய குளிசை

டாக்டர்,

இன்று காலை கிளினிக்கில் எனக்கும் அந்தக் குளிசையை, இரும்புச்சத்து மாத்திரையைத் தந்தார்கள். இரத்தம் குறைவாம். உறையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டியதும் மழையில் நனைந்த பழைய தகரத்தின் வாடை அடித்தது. இருபது வருடத்துக்கு மேல் அந்த வாடை என் மூக்கில் படவில்லை. பஸ் நிறுத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹட்டன் பஸ் இரண்டு போய்விட்டன.

நீங்கள் போய்ப் பதினொரு நாள். சாவுச் செய்தி வந்தபோது உளுந்து களைந்துகொண்டிருந்தேன். "சரி" என்று சொல்லி போனை வைத்துவிட்டு மிச்சத்தையும் களைந்தேன். பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினேன். வேறு யாருக்கோ வந்த கடிதத்தைத் தவறுதலாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியது போல இருந்தது. இன்று காலையிலும் அப்படித்தான் இருந்தது. அழுகை வரவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். உங்கள் வாழ்க்கைக் குறிப்பையும் போனில் அனுப்பியிருந்தார்கள். மருத்துவர், ஆய்வாளர், துணைவேந்தர் என்று எல்லாம் சரியாக இருந்தது. நடுவில் ஒரு வரி: "குளிசைகளை வீசியெறிந்த தோட்ட மக்களிடையேயும் பொறுமையோடு பணியாற்றினார்." உங்களைப் புகழ்வதற்காக எழுதிய வரி. அந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதை அழிக்கச் சொன்னால் நான் செய்ததைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் திருப்பி எடுத்துக்கொண்ட சொல் உங்கள் பெயரிலேயே அச்சாகிவிடும். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அன்றைக்கும் மூன்று நாள்தான்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மூன்று மாதம் ஒழுங்காக இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தால் இரத்தம் ஏறுகிறதா என்று பார்க்க விரும்பினீர்கள். உங்கள் பேச்சு எங்கள் பெண்களுக்குப் பாதிதான் விளங்கியது. பட்டம் முடித்துவிட்டு தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை உதவிக்கு எடுத்தீர்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. முதல் நாள் என் அம்மாவைவிடப் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காதான் அதிகம் பீற்றிக்கொண்டது.

காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடும் இடத்தில், நானே குளிசையைக் கொடுப்பேன். தண்ணீரோடு விழுங்கவேண்டும் என்பது உங்கள் உத்தரவு. அந்தக் குளிரில், வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீர். இரண்டு மூன்று பேர் ஓரமாகப் போய் ஓங்காளித்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அவர்கள் போத்தலில் கொண்டுவந்திருந்த பால் விடாத சூடான சாயத் தேத்தண்ணியைக் காட்டி, "அதோட போட்டுக்கங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். வாந்தி நின்றது. உங்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. காய்ச்சலுக்கும் தேத்தண்ணி, சாவு வீட்டிலும் தேத்தண்ணி என்று வளர்ந்தவள் நான்.

மூன்று மாதம் கழித்து ஒருவருக்கும் இரத்தம் ஏறவில்லை. நீங்களே வந்து கேட்டீர்கள்: "குளிசையை எதோட குடிச்சனீங்கள்?"

பார்வதி அக்கா என் முகத்தைப் பார்த்தது. பிறகு உங்களைப் பார்த்தது. "தண்ணியோடதான் டாக்டரம்மா."

அடுத்தடுத்து எல்லோரும் அதையே சொன்னார்கள். என் வேலை போய்விடக்கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அன்று தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கர் சிரித்தார். "சாக்கடைக் கான்ல பாருங்க டாக்டர், வீசுன மாத்திர கரைஞ்சு செவப்பா ஓடும்." நீங்களும் களைத்துப்போய், "வீசித்தான் இருக்கினம் போல" என்று சொல்லிவிட்டீர்கள். மறுநாள் பெரட்டில் கங்காணி ஆரம்பித்துவிட்டார்: "வாங்கம்மா வாங்க, மாத்திர வீசுன மகாராணிகளா!" எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் அறையில் வந்து சொன்னேன். கத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணியோட எண்டு சொன்னனான். ஏன் எண்டு உமக்குச் சொன்னனானோ?"

"இல்லீங்க டாக்டர்."

"தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில சேர விடாது. தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறன்."

மறுநாள் விடிய பெரட்டுக்கு வந்தீர்கள். சேற்றில் செருப்புப் புதைய நின்றுகொண்டு, "நீங்கள் வீசினீங்கள் எண்டு நான் சொன்னது பிழை. தேத்தண்ணியோட குடிக்கக்கூடாது எண்டு நான் விளங்கப்படுத்தேல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டவர் அதற்கு முன்னால் எவரும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கங்காணி தொப்பியைக் கழற்றினார்.

பின்னாலிருந்து பார்வதி அக்காதான் வாயைத் திறந்தது: "அதெல்லாம் பரவால்லீங்க டாக்டரம்மா. தேத்தண்ணியவே நிறுத்துன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க!"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். முழு ஆய்வையும் முதலிலிருந்து தொடங்கினீர்கள். என்னையே வைத்துக்கொண்டு.

துணைவேந்தரான பிறகு ஒரு தடவை உங்கள் அறைக்கு வந்தேன். மாணவர்களுக்கான அறிவித்தல் ஒன்று கையெழுத்துக்கு வந்தது. நீங்கள் கூட்டித் துடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, அதை வாசித்துக் காட்டி, "என்ன விளங்கினது?" என்று கேட்டீர்கள். அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு வரியை மாற்றினீர்கள். எந்த அறிவித்தலையும் அப்படித்தான் வெளியே விடுவார் என்று செயலாளர் சலித்துக்கொண்டார். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நேற்றுப் பார்வதி அக்காவிடம் போய் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

"பொஸ்தகத்துல போடுறாங்களா? வீசுனோம்னா?"

"நான் உண்மைய எழுதப்போறேன்க்கா. நீங்க எனக்காகப் பொய் சொன்னதும் அதுல வரும்."

"வந்தா வரட்டும்டி. இனி என்ன, வேலையிலருந்து பேர் வெட்டப் போறானுங்களா? ஒன்னையத் திட்டுனா நீயே வாங்கிக்க. ஆனா நாங்க வீசல. அத மொத வரியாப் போடு."

அப்படியே போட்டேன். இரண்டாவது வரியாக, தேத்தண்ணியோடு விழுங்கச் சொன்னது நான் என்று எழுதினேன். கீழே என் முழுப்பெயரைப் போட்டு அனுப்பினேன். இன்று பின்னேரம் நினைவு மலர்க் குழுவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். இது அஞ்சலிக்குப் பொருந்துமா என்று தயங்கினார். பெரட்டில் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். வாழ்க்கைக் குறிப்பிலுள்ள அந்த வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு, "அந்தப் பெண்களுடைய பெயர்கள் உங்களிடம் இருக்கிறதா? போடலாமே" என்றார்.

எதையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். குளிசை கொடுத்த அதே வரிசையில், ஒவ்வொரு பெயராக, எழுத்துப் பிழை வராமல் மெதுவாக. இத்தனை வருடம் அந்த வரிசை எனக்குள் கலையாமல் இருந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. பாதிவரை நன்றாகத்தான் வந்தது, டாக்டர். அதற்குப் பிறகு அழுதுவிட்டேன். அந்தப் பெண் போனை வைக்காமல் காத்திருந்தார்.