சத்தம் வருமுன்

உச்சிப்புளி, செவ்வாய் இரவு.

இன்று ஒற்றைத் தலைவலி வரவில்லை. அதை எழுதிவைக்கத்தான் நோட்டை எடுத்தேன்.

பக்கத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும். என் கணவர் எனக்கு முன்பே அதைக் கேட்டுவிடுவார். "இந்தா, வருது. காதப் பொத்திக்க" என்பார். மிக்சி போடுவதற்கு முன்பும் சொல்லுவார், கதவைச் சாத்துவதற்கு முன்பும் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. போன மாதம் டாக்டர், "சத்தம் கேட்டப்புறம் வலிக்குதா, கேக்கப்போகுதுன்னாலே வலிக்குதா?" என்று கேட்டார்.

இன்று மதியம் இவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் தலைக்கு மேலேயே போனது. அது போன பிறகுதான் வலிக்கவில்லை என்பதே எனக்கு உறைத்தது.

இவர் பதறி எழுந்தார். "சொல்லாம விட்டுட்டேனே. ரொம்ப வலிக்குதா?"

"இல்ல. இனிமே சொல்லாதீக. சொன்னாத்தான் வலிக்குது."

இவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் என்னதான் செய்யிறது?"

சொல்லியிருக்க வேண்டாமோ என்று சாயங்காலம் வரை மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ராத்திரிச் சோற்றுக்குக் குக்கர் வைத்தேன். விசில் வரும் நேரம் இவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தன் இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

நான் சிரித்த சிரிப்பில் எத்தனை விசில் போனதென்றே தெரியவில்லை. சோறு குழைந்துதான் போனது.